நாலு போல்ட், ஒரு முன்கண்ணாடி

போன சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு எம்ஜிபி என்ற எங்கள் பழைய பிரிட்டிஷ் காரின் முன்கண்ணாடி அதன் இடத்தில் உட்கார்ந்தது. மாட்டினோம், பூட்டினோம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும்தான் இருந்தோம். அன்றைக்கு அது தானாக இறங்கி உட்கார்ந்தது. நாலு போல்ட்டும் விரலிலேயே ஏறின.

பழைய கார் வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதுவார்கள், வெல்டிங்கைப் பற்றி எழுதுவார்கள், பெயிண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். முன்கண்ணாடிக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி, கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் மாட்டவும் என்று. அந்த வரியை நம்பித்தான் நானும் இறங்கினேன். கழற்றும்போது துருவும் உப்பும் சேர்ந்து பிடித்துவைத்திருந்த ஒரு பொருளை, மாட்டும்போது நாமேதான் அளந்து இடம் பார்த்து வைக்க வேண்டும், அது வேறு வேலை. அடுத்து இதில் கை வைக்கப்போகிறவருக்கு என் மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார் 1967-ஆம் வருடத்து ரோட்ஸ்டர். இரண்டு சீட், துணிக்கூரை. எம்ஜிபி 1962-இல் வந்தது, 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடும்வரை வந்துகொண்டே இருந்தது, தகரக் கூரை போட்ட ஜிடியையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ஸ்விண்டனில். இந்தக் காரின் பாடி தகடாக அழுத்தப்பட்டு வெல்டு ஆனது இதே ஊரில் இருந்த பிரெஸ்டு ஸ்டீல் ஆலையில்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஐம்பது வருடத்துக்கு மேல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பிறந்த ஊரிலேயே ஒரு கராஜுக்குள் வந்து நிற்கிறது. கேடனில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய உற்பத்திப் பதிவேடுகளை வைத்திருக்கிறார்கள், பணம் கட்டினால் நம் காருக்கு உரிய விவரத்தைச் சான்றிதழாகத் தருவார்கள். எங்களுடையதற்கு டார்ட்டன் ரெட் நிறம், கறுப்பு சீட், கம்பிச் சக்கரம் என்று வந்தது. அதே நிறம்தான் அடித்திருக்கிறோம்.

அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறை இருந்தது. எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் நம் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அம்பாசிடர் எஞ்சின்களோடு வாழ்நாள் முழுக்கப் புழங்கிய அப்பா, வீடியோ காலில் என் எஞ்சினைப் பார்த்ததும் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவரை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த முன்கண்ணாடி காரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைச் சுற்றி அலுமினியச் சட்டம். சட்டத்தின் இரண்டு பக்கத் தூண்களும் கீழே கால் மாதிரி நீண்டிருக்கும். பானட் முடிகிற இடத்துக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே குறுக்கே ஓடுகிற தகட்டை இங்கே ஸ்கட்டில் என்பார்கள், அதன் இரண்டு முனையிலும் உள்ள பொந்துக்குள் அந்தக் கால்கள் இறங்கும். உள்ளே, டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒவ்வொரு காலையும் பாடியோடு பிடிக்க இரண்டிரண்டு போல்ட். காலுக்கும் பாடிக்கும் நடுவில் இடைவெளிக்குத் தக்கபடி ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டுத் துண்டு. நடு மத்தியில் மேல் சட்டத்திலிருந்து ஸ்கட்டிலுக்கு ஒரு மெல்லிய கம்பி இறங்கும், கம்பியின் கீழ் முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன பிராக்கெட், அதற்கு இரண்டு ஸ்க்ரூ. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடியும் அந்தக் கம்பியில்தான் நிற்கிறது. கீழ்ச் சட்டத்துக்கும் ஸ்கட்டிலுக்கும் நடுவே மழைத் தண்ணீர் நுழையாமல் இருக்க நீளமான ரப்பர் பீடிங்.

பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்துக்குச் சுற்றிலும் உறவுக்காரர்கள் அதிகம், ஒருவரைச் சரிசெய்தால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். கீழே ஸ்கட்டிலின் வளைவோடு பீடிங் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். பக்கத்தில் கதவின் முன்பக்கம் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கிறது, பழைய அம்பாசிடரில் திருப்பிவிட்டுக் காற்று வாங்குவோமே அது போல. அதன் சாய்வான ஓரம் தூணில் ஒட்டியிருக்கும் ரப்பரோடு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சேர வேண்டும். மேலே துணிக்கூரையின் முன்பட்டை சட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்து இரண்டு கொக்கிகளும் மாட்ட வேண்டும். தூண் சில மில்லிமீட்டர் பின்னால் சாய்ந்தால் போதும், முக்கோணக் கண்ணாடி மேல் பக்கம் இடிக்கும், கூரைத் துணி தொளதொளக்கும். முன்னால் சாய்ந்தால் கூரையை இழுத்து மாட்டவே முடியாது. அகலம் தப்பினால் சட்டமே முறுகும், சட்டம் முறுகினால் கண்ணாடி வெடிக்கும். இவ்வளவையும் தீர்மானிப்பது அந்த நாலு போல்ட்டும் அவற்றுக்குள் இருக்கும் ஷிம்மும்தான்.

அதனால்தான் கதவை மாட்டி, கீல் சரிசெய்து, கதவின் இடைவெளிகள் சரியான பிறகே கண்ணாடியைத் தொட வேண்டும். கதவு தொங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைச் சரிசெய்வது, சாய்ந்த சுவரை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு அளவு எடுப்பது மாதிரி. அப்புறம், இதெல்லாம் பெயிண்டுக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை. வெறும் பாடியில் எல்லாவற்றையும் ஒரு முறை மாட்டிப் பார்த்து, ஒத்துவந்ததும் கழற்றிவைத்துவிட்டுத்தான் பெயிண்டுக்கு அனுப்ப வேண்டும். நான் கதவுகளையும் பானட்டையும் அப்படிப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்க்காமல் விட்டேன். அந்தத் தவறுக்குத்தான் புதுப் பெயிண்டின் மேல் மூன்று அடுக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி வேலை செய்ய வேண்டிவந்தது.

கழற்றிய கதையையும் சொல்ல வேண்டும், அங்கேதான் பாதிப் பிரச்சினை ஆரம்பம். தூண் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டு வேறு வேறு உலோகம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும், அலுமினியம் கரையும். இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், பனி உறையாமல் இருக்க. அந்த உப்பு ஐம்பது குளிர்காலமாக ஸ்கட்டில் பொந்துக்குள் போயிருக்கிறது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, அந்தப் பொடி உப்பி மரைக்குள் இறுகி, போல்ட்டைக் கல் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. டாஷ்போர்டைக் கழற்றிவிட்டுத் தலைகீழாகப் படுத்துத்தான் ஸ்பேனர் போட முடியும். முறுக்கினால் போல்ட் உடையும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது, அதனால் முறுக்கவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டேன், ஹீட் கன் வைத்துச் சூடேற்றினேன், இறுக்குகிற பக்கம் இம்மி, கழற்றுகிற பக்கம் இம்மி என்று அசைத்துக்கொடுத்தேன். மூன்று போல்ட் வெளியே வந்தன. நாலாவது போல்ட்டும் வந்தது, ஆனால் தூணின் மரையையும் தன்னோடு சுருட்டிக்கொண்டு வந்தது.

போன மரைக்கு ஹெலிகாயில் போட்டேன். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டி, ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட ஸ்டீல் கம்பியை உள்ளே திருகி இறக்கினால் பழைய அளவு போல்ட்டே ஏறும். அலுமினியத்தின் சொந்த மரையைவிட இது பலம். மற்ற மூன்று துளைகளும் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தன, ஆனாலும் அவற்றுக்கும் போட்டுவிட்டேன், இன்னொரு முறை இதைக் கழற்றுகிறவர் நானாக இருந்தாலும் என் மகளாக இருந்தாலும் அழாமல் கழற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடு, துருவே பிடிக்காது என்று பல பேர் சொன்னார்கள். போல்ட் துருப்பிடிக்காது, சரிதான். கரைவது அலுமினியம் ஆயிற்றே. எந்தப் போல்ட் போட்டாலும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஜாயிண்டிங் பேஸ்ட் தடவி, ஈரம் நுழையாமல் அடைப்பதுதான் முக்கியம் என்பது என் முடிவு. கப்பல் வேலைக்காரர்களும் விமான வேலைக்காரர்களும் அலுமினியத்துக்கு அதைத்தான் நம்புகிறார்கள்.

கழற்றும்போது ஷிம்களைப் பத்திரமாக எடுத்து, இடது, வலது என்று எழுதி இரண்டு பையில் போட்டு, பாடிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டியிருந்தேன். பாடி மணல் அடிப்புக்கும் பெயிண்டுக்கும் ஒரு பட்டறைக்குப் போய்த் திரும்பியபோது பை இல்லை. கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதைவிட வருத்தம், தூணின் கால் இறங்க வேண்டிய பொந்துகளிலும் போல்ட் துளைகளிலும் பிரைமரும் பெயிண்டும் கட்டிதட்டிக் காய்ந்திருந்தன. பளபளவென்று வெளியே அடித்திருக்கும் பெயிண்டைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி. உள்ளே யாரும் பார்க்கவில்லை. ஒரு முழு நாள் சின்ன அரமும் உருட்டிய உப்புத்தாளும் வைத்து அந்தப் பொந்துகளைச் சுத்தம் செய்து, சுரண்டிய இடத்திலெல்லாம் பிரஷ்ஷால் பிரைமர் தொட்டுவிட்டேன். உங்கள் பாடி வெளியே போகிறதென்றால் ஷிம்களை வீட்டில் வையுங்கள். ஒவ்வொன்றின் கனத்தையும் கேலிபரில் அளந்து எழுதிவையுங்கள். பொந்துகளை நீங்களே அடைத்து அனுப்புங்கள்.

சரி, ஷிம் இல்லை. எத்தனை கனம் என்றும் தெரியாது. பீடிங் இல்லாமல் வெறும் சட்டத்தை இறக்கிப் பார்த்தேன். இடது பக்கக் கால் பாடியோடு ஒட்டி நின்றது, வலது பக்கம் பென்சில் முனை நுழைகிற இடைவெளி. போல்ட்டைப் போட்டு இறுக்கினேன், சட்டம் வலது பக்கம் இழுபட்டு வந்து ஒட்டியது, இடைவெளி மறைந்தது. ஆஹா என்று நினைத்து வலது கதவைச் சாத்தப் போனால் முக்கோணக் கண்ணாடி தூணில் இடித்தது. இடது கதவில் அதே இடத்தில் விரல் நுழைந்தது. அன்று ராத்திரி அப்பாவோடு பேசும்போது போனைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.

"போல்ட்டு இழுத்து ஒரு சாமானத்த எடத்துக்குக் கொண்டுவரக் கூடாது கண்ணு. சாமான் எடத்துக்கு வந்துட்டா போல்ட்டு வெரல்லயே ஏறும். எல்லாத்தையும் லூஸ் பண்ணிட்டு, மொதல்ல நடு எங்க இருக்குதுன்னு பாரு."

நடுவை நான் பார்க்கவே இல்லை. ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் ஸ்கட்டிலின் நடுவில் பிராக்கெட்டின் இரண்டு துளைக்கும் மத்தியில் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டேன், சட்டத்தின் மேல் பட்டையில் நடுக் கம்பி பிடிக்கிற இடத்தில் இன்னொரு கோடு. மேல் கோட்டிலிருந்து நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் அது கீழ்க் கோட்டிலிருந்து நன்றாக விலகி நின்றது. காரை முதலில் ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்து மட்டமாக நிறுத்தியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அப்புறம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு கோடும் ஒன்றன் கீழ் ஒன்று வந்தபோது இரு பக்கமும் இடைவெளி விழுந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன். இடது பக்கம் 1.2 மில்லிமீட்டர், வலது பக்கம் 2.6. இடது கால் ஒட்டி நிற்கிறதே என்று அதைத்தான் சரியான பக்கம் என்று நான் நம்பியிருந்தேன். தப்பாக இருந்தது இரண்டு பக்கமும்.

இந்த அளவுகள் என் காருக்கு மட்டும்தான். ஆபிங்டனில் மின்சாரத்தில் நகரும் வரிசை கிடையாது, காரைக் கையால் தள்ளிக்கொண்டே ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். ஒவ்வொரு பாடியும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், அதைச் சமாளிக்கத்தான் ஷிம் என்ற ஏற்பாடே. 1967-இல் யாரோ ஒரு தொழிலாளி இந்தக் காரின் முன் குனிந்து, இடைவெளியைக் கண்ணால் பார்த்து, கையிலிருந்த ஷிம்மில் இரண்டை எடுத்துச் செருகியிருப்பார். அவர் வைத்த துண்டுகள் தொலைந்துபோனது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

புது ஷிம்களை அலுமினியத் தகட்டில் வெட்டினேன். மூன்று வேறு வேறு கனத்தில் தகடு வாங்கி, காலின் முகத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து, அதே உருவத்தில் வெட்டி, துளைக்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்த வாய் வைத்தேன். போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் லூஸ் செய்துவிட்டு மேலிருந்து சொருகவும் உருவவும் வசதி. இந்த ஒரு சின்ன மாற்றம் எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது என்பதைத் தலைகீழாகப் படுத்து வேலை செய்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். சாய்வுக்கு வேறு வழி, பாடியின் துளை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அந்த இடத்துக்குள் சட்டத்தை முன்னும் பின்னும் அசைத்துக்கொள்ளலாம். கதவைச் சாத்தி, முக்கோணக் கண்ணாடியின் ஓரம் முழுக்க ஒரு காகிதத் துண்டை நுழைத்து இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிடிமானத்தோடு காகிதம் வர வேண்டும். அப்புறம் கூரையை ஏற்றிக் கொக்கி மாட்டினேன். பிறகு மறுபடி கதவு. நாலு முறை சுற்றி வந்ததும் மூன்று இடமும் ஒத்துக்கொண்டன. கால்கள் பாடியில் நிற்கும் இடத்தைக் கூர்மையான பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினேன்.

சட்டத்தில் கண்ணாடியை ஏற்றியதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை, பொறுமை இருந்தால் நடக்கும். பழைய கண்ணாடியில் வைப்பர் உரசிய அரைவட்டக் கோடுகள் எதிர்வெயிலில் கண்ணைக் கூசின, அதனால் புது லேமினேட்டட் கண்ணாடி வாங்கினேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் அனோடைஸ் செய்த, அதாவது மேலே காப்புப் படலம் ஏற்றிய அலுமினியம், குரோம் கிடையாது. மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மேல் படலம் போய்விடும், ஒரு மழைக்காலம் பளபளக்கும், அப்புறம் திட்டுத்திட்டாக மங்கும். எங்கள் சட்டத்தில் அங்கங்கே புள்ளிகள் உண்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டுவிட்டேன், அதன் வயது தெரியட்டும்.

இனி பீடிங். எம்ஜிபி வைத்திருப்பவர்கள் கூடும் எந்த இடத்திலும் இந்த ரப்பரின் பேச்சை எடுத்தால் ஒரு பெருமூச்சு கேட்கும். கீழ்ச் சட்டத்தின் அடியில் உள்ள காடிக்குள் பீடிங்கின் நாக்கு நுழைந்திருக்கும். சட்டத்தை இறக்கும்போது ரப்பர் அமுங்க வேண்டும், அமுங்கினால்தான் போல்ட் துளைகள் நேருக்கு நேர் வரும். முதலில் வாங்கிய புது ரப்பர் அமுங்கவே இல்லை. இரண்டு பேர் மேலே சாய்ந்து அழுத்தியும் துளை அரைத் துளையாகத்தான் தெரிந்தது. பழைய பீடிங் துண்டு ஒன்று கைவசம் இருந்தது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியதன் உதடு கனமாகவும் ரப்பர் விறைப்பாகவும் இருந்தது. இன்னும் அழுத்தலாம், இறங்கிவிடும் என்று அன்றைக்கு மனம் சொன்னது. புதுக் கண்ணாடி நடுவில் இருக்கும்போது அந்த மனம் சொல்வதைக் கேட்கக் கூடாது. அந்த பீடிங்கை ஓரம் வைத்துவிட்டு வேறு இடத்தில் இன்னொன்று வாங்கினேன். இது விரலால் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், முடிந்தால் நேரில் போய் விரலால் அழுத்திப் பாருங்கள்.

சனிக்கிழமை மதியம் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உதவிக்கு வந்தார். வெல்டிங் வேலை செய்கிறவர், கை சுத்தம், அவசரம் என்பதே கிடையாது. பீடிங்கை இருபது நிமிஷம் வெந்நீரில் போட்டு இளக்கினோம். அதன் அடிப்பக்கத்துக்கும் ஸ்கட்டிலுக்கும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தாராளமாகப் பூசினோம். கால்களில் ஜாயிண்டிங் பேஸ்ட் தடவி, ஷிம்களைத் தயாராக வரிசையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு தூணாகப் பிடித்து ஒரே நேரத்தில் இறக்கினோம். ஒரு பக்கம் முந்தினால் பீடிங்கின் முனை மடங்கிக்கொள்ளும், அப்புறம் எல்லாவற்றையும் தூக்க வேண்டும். முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று, தூக்கிவிட்டு மறுபடி இறக்கினோம்.

லாரியில் சரக்குக் கட்டுகிற ராட்செட் பட்டையை இரண்டு எடுத்து, மேல் சட்டத்தின் மேல் தடிமனான துணி போட்டு, தூண்களுக்கு நேராகப் பட்டையைக் குறுக்கே விட்டுக் காரின் அடியில் சுற்றிக் கட்டினோம். நடுவில் கட்டவே கூடாது, கண்ணாடியின் நடுவில் வருகிற பாரம் அதை வளைக்கும். இடது பக்கம் ஒரு பல், வலது பக்கம் ஒரு பல் என்று மாற்றி மாற்றி இறுக்கினோம். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் விட்டோம், ரப்பருக்கு நேரம் கொடுத்தால் அது தானாகவே அமுங்குகிறது. என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். நான் குத்தூசியைத் துளைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குத்தூசியின் கூர்முனை தூணின் துளையைக் கண்டுபிடித்துவிட்டால், அதை நெம்பாமல் மெல்லத் தள்ளினாலே துளைகள் நேராகும்.

"அண்ணை, பொறுங்கோ. இன்னும் இறுக்காதேங்கோ, அது வருது, தானா வருது" என்றார் நண்பர்.

கடைசிப் பல்லை இறுக்காமலே விட்டோம். பத்து நிமிஷம் கழித்துக் குத்தூசி தடையில்லாமல் உள்ளே போனது. அதை எடுத்துவிட்டு முதல் போல்ட்டை வைத்தேன், விரலிலேயே கடைசி மரைவரை போனது. இரண்டாவதும் போனது. வலது பக்கம் ஷிம்மைச் சொருகி அந்த இரண்டையும் போட்டேன். அப்பா சொன்ன விரல் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பென்சில் கோட்டோடு கால்கள் ஒட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரு பக்கம் கால் சுற்று, மறு பக்கம் கால் சுற்று என்று இறுக்கினோம். மணி ஏழரை.

நடுக் கம்பியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டேன். இந்தச் சின்ன பிராக்கெட்டை அழகுக்கு வைத்தது என்று நினைத்துப் பலரும் கம்பியைப் பூட்டி நன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அதன் வேலை மேல் சட்டம் நடுவில் அதிராமலும் கூரை இழுக்கும்போது மேலே வளையாமலும் பிடித்துக்கொள்வது, சட்டத்தைக் கீழே இழுப்பதில்லை. அதிகமாக முறுக்கினால் மேல் சட்டம் நடுவில் தாழும், கூரைப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மழை ஒழுகும். மேல் சட்டத்தின் மேல் நேரான ஸ்கேல் ஒன்றை வைத்து, அதன் வளைவு மாறாத அளவுக்கு மட்டும் நட்டை ஏற்றினேன். பிராக்கெட்டின் அடியில் மெல்லிய ரப்பர் துண்டு வைத்தேன், பெயிண்ட் நசுங்காமல் இருக்கும், ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீரும் இறங்காது. அப்புறம் இன்னொன்று, காரிலிருந்து எழுந்து வரும்போது முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. தாழ்வான கார், கை தானாக அங்கே போகும். தயவுசெய்து கதவின் ஓரத்தையோ சீட்டையோ ஊன்றி எழுங்கள். நம் முழு எடையையும் அந்தத் தூண் வாங்கி அந்த இரண்டு போல்ட்டிடம்தான் கொடுக்கிறது.

வைப்பர் இரண்டும் ஓடுகின்றன. அமெரிக்காவுக்குப் போன கார்களில் 1960-களின் கடைசியிலிருந்து மூன்று வைப்பர் இருக்கும், கண்ணாடியில் இவ்வளவு பரப்பைத் துடைத்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததால். எங்களுடையது உள்ளூர் கார், இரண்டோடு சரி. 40 வருடம் தாண்டிய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை இங்கே கட்டாயம் இல்லை, ஆனாலும் ரோட்டில் இறக்குவதற்கு முன் நான் கொண்டுபோய்க் காட்டத்தான் போகிறேன், வேறு ஒருவர் கண்ணும் படட்டும்.

நேற்று ஹோஸ் பைப் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். மேலிருந்து மழை மாதிரி பத்து நிமிஷம், மகள் உள்ளே டார்ச்சோடு. பீடிங்கின் நீளம் முழுக்க ஒரு சொட்டு இல்லை. "அப்பா, இங்க ஈரமா இருக்கு" என்று இடது மூலையிலிருந்து குரல் வந்தது. தூண் ஸ்கட்டிலுக்குள் இறங்கும் பொந்தைச் சுற்றி உள்ள சின்ன ரப்பர் ஒரு பக்கம் உருண்டு மடங்கியிருந்தது. பிளாஸ்டிக் குச்சியால் அதை நிமிர்த்தி, அடியில் கொஞ்சம் இறுகாத சீலன்ட் வைத்து, இன்னொரு பத்து நிமிஷம் தண்ணீர் விட்டோம். மூலையில் ஒட்டிவைத்த டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருந்தது.

டாஷ்போர்டு இந்த வார இறுதியில் ஏறுகிறது. அது ஏறிவிட்டால் போல்ட்டுகளை எட்டுவது கஷ்டம், அதனால் நாலு போல்ட்டின் தலையிலிருந்தும் பாடிவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம், சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஷிம்களின் கனத்தை இடது 1.2, வலது 2.6 என்று எழுதி, அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து கிளவ் பாக்ஸின் பின்பக்கம் ஒட்டிவிட்டேன்.